சத்தம் மட்டும் வரவில்லை

படம் வந்துவிட்டது. சத்தம் மட்டும் வரவில்லை.

டிவி முழுக்க ஒரு கொரிய நடிகையின் முகம். உதடுகள் அசைந்தன. பேச்சு மட்டும் கீழே, ஸ்டூல் மேல் இருந்த லேப்டாப்பிலிருந்து கசிந்தது.

தமிழ்ப் பேச்சு. கோதையின் குரல்.

சோபாவில் அத்தை, கணவனின் அம்மா. காது மந்தம். டிவியை முழுச் சத்தத்தில் வைத்தால்தான் கேட்கும். காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

இரண்டு வருடங்களாக அவள் சாலிகிராமத்தில் டப்பிங் பேசுகிறாள். யாரோ ஒருத்தியின் தோழி. ஆஸ்பத்திரி நர்ஸ். கூட்டத்தில் ஒரு கூச்சல். கதாநாயகிக்குப் பேசியது இதுதான் முதல் தடவை.

அத்தை அதில் எதையும் காதால் கேட்டதில்லை.

நேற்று சாப்பிட்டு எழும்போது சொன்னார்.

"நேரங்கெட்ட நேரத்துல வர்ற. முகமும் தெரியாது, பேரும் தெரியாது. அப்படி என்ன வேலை அது? இந்த மாசத்தோட நின்னுடு, கோதை."

கணவன் சிவநேசன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோதை இன்று காலை கடைக்குப் போய், லேப்டாப்பை டிவியில் மாட்டும் ஒயர் ஒன்று வாங்கி வந்தாள்.

"விடேன். போன்லயே காட்டிடலாம்" என்றான் சிவநேசன்.

"போன்ல அத்தைக்குக் கேக்காது."

ஸ்டுடியோவில் மைக் முன்னால் நிற்பதோடு அவள் வேலை முடிந்தது. ஒயர்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் உண்டு.

பிடுங்கிச் செருகினாள். படம் போனது. வந்தது.

ரிமோட்டில் சத்தத்தை ஏற்றினாள். கோடு கடைசிவரை நீண்டது. டிவி வாய் திறக்கவில்லை.

அத்தை எழுந்திருக்கப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க அத்தை."

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். லேப்டாப் திரையின் மூலையில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் படம். அழுத்தினாள். சத்தம் எதில் வர வேண்டும் என்று கேட்டது. லேப்டாப்பின் பெயர் மட்டுமே இருந்தது.

டிவியின் முதுகில் கைவிட்டுத் தடவினாள். இன்னொரு துளை இருந்தது. ஒயரை அதில் மாற்றினாள். டிவி நீலமாகி நின்றது. ரிமோட்டை அழுத்தி அழுத்திப் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

மறுபடி அந்த ஸ்பீக்கர் படம்.

இப்போது டிவியின் பெயரும் இருந்தது.

தொட்டாள்.

கூடமே அதிர்ந்தது.

திரையில் அந்தப் பெண், பல வருடங்களாகப் பேசாதிருந்த அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு பேசினாள். அந்த ஓர் இடம் சரியாக வர, கோதை ஒரு மத்தியானம் முழுக்க மைக் முன்னால் நின்றிருந்தாள்.

அத்தை திரையைப் பார்த்தார். தரையில் இருந்தவளைப் பார்த்தார். மறுபடி திரையை.

பிறகு சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதானா என்றிருந்தது கோதைக்கு.

"தூங்கிட்டாங்க." சிவநேசன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான்.

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் உயர்ந்தது.

"குறைக்காத நேசா. அவ பேசட்டும்."