ஸ்வெட்டர் கையில் ஒரு கதிர்

தாவரவியல் ஆய்வறைக்குள் வந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள் தவமணி. வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போய்க் காணாமல்போன கணவனின் பை மட்டும் திரும்பி வந்திருந்தது. அதிலிருந்த ஸ்வெட்டரின் கையில் விரல் நீளத்துக்கு ஒரு புற்கதிர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காகவே அவள் ஸ்வெட்டரைத் துவைக்கவில்லை.

"எந்த ஊர்ப் புல்லுன்னு மட்டும் சொல்லிருங்க மேடம். அங்க போய்த் தேடிக்கிறேன்."

உலர்ந்த செடிகளுக்குப் பெயர் வைத்தே காலம் தள்ளிவிட்ட இன்பவல்லி, மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து ஸ்வெட்டரை அதன்மேல் வைத்தாள். லென்ஸை வைத்துப் பார்த்தாள். மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற புல்வெளியில் ஒரே பருவத்தில் முளைத்து, கதிர்விட்டு, செத்துப்போகிற புல். இரண்டு பேரினங்களில் ஏதோ ஒன்று. ஒன்று அந்த நாட்டு மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் முளைப்பது, மற்றது அந்தப் பக்கம்.

"லேசா அழுத்திப் பாக்கணும்மா. கணுக்கணுவா உடைஞ்சா ஒரு ஊரு, உடையலன்னா இன்னொரு ஊரு."

"உடைஞ்சா திரும்ப ஒட்டுமா?"

"ஒட்டாது."

தவமணி ஸ்வெட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்ப வேணாங்க. அவரு ரெண்டு ஊர்லயும் இருக்கட்டும்."

அவள் போன பிறகும் இன்பவல்லி மின்விசிறியைப் போடவில்லை. மேசையில் விரித்திருந்த வெள்ளைத் தாளில், கதிரிலிருந்து தானாகவே உடைந்த ஒரு கணு கிடந்தது. சன்னலுக்கு வெளியே, பேருந்து நிறுத்தத்தில் தவமணி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். இன்பவல்லி அந்தக் கணுவை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பேருந்து சீக்கிரம் வந்து தொலையாதா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.