மாதா தெருவில் ஒரு புள்ளி

நகராட்சியின் நிலத்தடி நீர் வரைபடப் பயிற்சியில் சேர்ந்த மூன்றாம் வாரம், ரெஜினாவின் கணினித் திரையில் அவள் குடியிருந்த மாதா தெருவே சிவந்தது. நீரில் ஈயம் என்று அதற்குப் பொருள். சிவந்த தெருக்களின் தண்ணீர் மோட்டார்கள் அன்று மாலை நான்கு மணிக்குத் தாமாகவே நின்றுவிடும். யாரிடமும் போய் முறையிட முடியாது.

"எங்க தெருவுல யாரும் தண்ணி எடுத்துப் பாக்கலையே சார்?"

"சுத்தி அளந்த புள்ளிகளை வச்சுப் படமே கணிச்சிக்கிடும்," என்றார் பயிற்சியாளர் மீரான். "மாத்தணும்னா நீங்களே அளந்து புதுப் புள்ளி போடுங்க."

மணி மூன்றே கால். ரெஜினா ஸ்கூட்டரில் வீட்டுக்குப் பறந்தாள். கணவன் அமல்தாஸ் குழாயைத் திறக்க, பயிற்சியில் கொடுத்திருந்த ஈய அளவுமானியை நீரில் வைத்தாள். வரைபடம் கணித்ததைவிட மூன்று மடங்கு காட்டியது. கைப்பேசியில் அந்த எண்ணைப் போட்டதும் சிவப்பு படர்ந்து, அடுத்திருந்த அக்கா பிலோமினாவின் தெருவையும் விழுங்கியது.

"சேமிச்சிராத," என்றான் அமல்தாஸ். "நம்ம தண்ணி எப்படியும் போச்சு. அவங்களுக்காவது இருக்கட்டும்."

அக்காவுக்கு நாலு மாதக் கைக்குழந்தை.  ரெஜினா சேமித்தாள்.

நாலு மணிக்குத் தன் வீட்டு மோட்டார் நின்றதும் அக்கா அழைத்தாள். "பாவி, படத்துல ஒம் பேருதான் போட்டிருக்கு! ஏன்டி இப்படிப் பண்ணுன?"

"அக்கா, பிள்ளைக்குப் பால்மாவை எந்தத் தண்ணியில கரைக்கிற?"

மறுமுனையில் பால்புட்டியைத் தொட்டியில் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கான்னு பாக்க ஆஸ்பத்திரிக்குப் போவோம். பிள்ளையத் தூக்கிட்டு வாசல்ல நில்லு," என்று சொல்லிவிட்டு ரெஜினா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.