கால் நின்ற இடம்

கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் இப்போதெல்லாம் கட்டடங்களைப் பார்ப்பதில்லை. கட்டடத்தைப் பார்த்து யாருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு, வேறொருவர் வேலை செய்த ஒரு மணி நேரத்தை அப்படியே வாழ்ந்து பார்க்கிறார்கள். கூடலூர்ப் பழங்குடி மாணவர்களோடு பஸ்ஸில் வந்த கெம்பி, மதியத்துக்குள் செயற்கைக்கோள் பொறியாளராகவும் கடல் ஆய்வாளராகவும் இருந்துவிட்டாள்.

பதிலுக்கு அவளும் தன்னுடைய ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும். காட்டுவழியே பள்ளிக்கு நடந்துபோன ஒரு காலையைக் கொடுத்தாள்.

நிலநடுக்கக் கருவிகள் செய்யும் பேராசிரியை திலகவதி அந்தக் காலை பதிவான தொப்பியை மாட்டிக்கொண்டார். ஒற்றையடிப் பாதையில் ஓரிடத்தில் அவர் கால் தானாக நின்றது. சத்தமில்லை, வாடையில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூங்கிலை விலக்கிக்கொண்டு ஒரு யானை பாதையைக் கடந்து போனது.

தொப்பியைக் கழற்றியதும் அவர் கெம்பியிடம் கேட்டார். "முன்னாடியே எப்படிம்மா தெரிஞ்சுது?"

"தெரியல மிஸ். கால் நின்னுரும். எங்க ஊர்ல எல்லாருக்கும் நிக்கும். போன மாசம் ரோடு போட வந்த அண்ணனுக்கு நிக்கல, யானை மிதிச்சிருச்சு. இதை எந்த டிபார்ட்மென்ட்ல படிக்கணும்?"

திலகவதி பாடப்பிரிவுப் பட்டியலை எடுத்தார். பிரிக்காமலே கீழே வைத்தார். "இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

"இருங்க மிஸ்." கெம்பி இன்னொரு தொப்பியை எடுத்தாள். "நானும் வர்றேன். நான் ஏன் நின்னேன்னு எனக்கும் தெரியணும்."