கெசியாவின் வீரன்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் பாசஞ்சர் அன்று ஒரு மணி நேரம் தாமதம் என்று தெரிந்ததும் சங்கரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கெசியா அந்த வண்டியில்தான் வர வேண்டும்.

தச்சநல்லூர் கம்ப்யூட்டர் சென்டரில் காலை வகுப்பு பெண்களுக்கு. மொத்தம் எட்டுப் பேர். மீரா முகைதீன் சார் டீ குடிக்கப் போகிற அரை மணி நேரம் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் பாடம் மாறிவிடும். அந்த கேமில் வீரன் ஒருவன் பாதாளத்தில் இறங்கி, வழியில் வருகிறதையெல்லாம் வெட்டிச் சாய்த்து, கடைசித் தளத்தில் இருக்கும் பூதத்தைக் கொல்ல வேண்டும். பூதத்துக்கு இவர்கள் வைத்த பெயர் கொம்பன்.

ஆடுவது இரண்டு பேர். சங்கரிக்கு ஒரு வீரன், கெசியாவுக்கு ஒரு வீரன். மற்ற ஆறு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோசனை சொல்வார்கள்.

கல்லூரியில் மூன்று வருடமும் முதல் மார்க் கெசியா. பேச்சுப் போட்டியில் கெசியா. எறிபந்தில்கூடக் கெசியா. எல்லாவற்றிலும் சங்கரி இரண்டாவது. இதிலாவது முந்திவிட வேண்டும். இன்று வியாழன், நாளையோடு கோர்ஸ் முடிகிறது.

வீரன் வளர வளரப் பாயிண்ட் கிடைக்கும். அதைப் பலம், வேகம், மந்திரம், உயிர் என்று நாலுக்குப் பங்கு போடலாம். சங்கரி பெரும்பாலும் பலத்தில்தான் போட்டாள். கெசியா நாலுக்கும் சமமாகப் போட்டாள்.

“ஏட்டி, இப்படிப் போட்டா உருப்படுமா?” என்று இன்பமணி ஒருநாள் கேட்டாள்.

“எங்க வீட்ல நாங்க நாலு பிள்ளைங்கட்டி. ஒருத்திக்குக் கூடப் போட்டா மத்த மூணும் தட்டத் தூக்கி எறிஞ்சிரும். கை அப்படியே பழகிட்டு.”

அப்படிப் போட்டும் அவள் நேற்றுக் கொம்பனின் வாசல்வரை வந்துவிட்டாள். சங்கரியும் அங்கேதான் நிற்கிறாள். அதுதான் பொறுக்கவில்லை.

வழியில் ஒரு சாமியார் குகை உண்டு. அவரிடம் போனால், போட்ட பாயிண்டையெல்லாம் திரும்ப வாங்கி வேறு மாதிரி போட்டுக்கொள்ளலாம். ஒரு வீரனுக்கு ஒரே ஒரு தடவைதான்.

யாரும் வருவதற்குள் சங்கரி நாலாம் நம்பரில் உட்கார்ந்து கெசியாவின் வீரனைத் திறந்தாள். சாமியாரிடம் கூட்டிப் போனாள். அத்தனை பாயிண்டையும் மந்திரத்தில் கொட்டினாள். வாள் பிடித்தவனுக்கு மந்திரம் எதற்கு?

“தனியா என்னட்டி செய்யுத?” இன்பமணி உள்ளே வந்தாள்.

“லெட்டர் அடிச்சுப் பழகுதேன்.”

“ஸ்கிரீன்ல சாமியார் நிக்காரு?”

“அவருக்குத்தான் லெட்டர்.”

கெசியா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது சார் டீக்குக் கிளம்பிவிட்டார். நாலாம் நம்பரில் உட்கார்ந்தவள் திரையைப் பார்த்து அப்படியே உறைந்துவிட்டாள்.

“என் வீரன யாருட்டி தொட்டது?”

இன்பமணி பைய, “சங்கரிதான் காலையில இங்கன உக்காந்திருந்தா” என்றாள்.

எல்லோரும் சங்கரியைப் பார்த்தார்கள். கெசியாவின் கண் கலங்கிவிட்டது.

“சரி விடுங்க. சாகப் போறவன், கொம்பன் மூஞ்சியவாவது பாத்துட்டுச் சாகட்டும்” என்று கதவைத் திறந்தாள்.

ஒரே அடி. வீரனுக்கு உயிர் முக்கால்வாசி போய்விட்டது. கெசியா பதறிப்போய் வீரனின் பையில் இருந்ததையெல்லாம் தட்டினாள். மருந்து, சாவி, பிறகு ஒரு புத்தகம். என்றோ கிடைத்தது. ‘மந்திரம் எண்பது வேண்டும்’ என்று இத்தனை நாளும் திறக்காமலே கிடந்தது.

இப்போது திறந்தது.

திரை முழுக்க நெருப்பு மழை. அது ஓய்ந்தபோது கொம்பன் கரிக்கட்டையாகக் கிடந்தான்.

அவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கெசியா ஓடி வந்து சங்கரியை இறுகக் கட்டிக்கொண்டாள். “அந்தப் புஸ்தகம் எங்கிட்ட கெடக்குன்னு நீ பாத்திருக்க, என்ன? ஒரு நிமிஷம் உன்னத் தப்பா நெனச்சிட்டேன்ட்டி. மன்னிச்சிரு.”

“போட்டிக்கு நிக்கவளுக்கு யாருட்டி இப்படிச் செய்வா? உனக்குப் பெரிய மனசு” என்றாள் இன்பமணி.

“சும்மா... தோணுச்சு” என்றாள் சங்கரி. தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போகட்டும் என்று இரவெல்லாம் மனதைத் தேற்றினாள். மந்திரம் இல்லாமல், வெறும் வாளால் கொம்பனைக் கொன்றவள் என்ற பேர் இன்னும் மிச்சம் இருக்கிறதே. நாளை ஒருநாள் போதும்.

வெள்ளிக்கிழமை அவள் உள்ளே நுழையும்போதே நாலாம் நம்பருக்கு முன்னால் ஏழு பேரும் கூடி நின்றார்கள். கெசியா அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“முதல் வண்டியப் பிடிச்சு வந்தேன்ட்டி. விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சேன், தெரியுமா?”

“எதுக்கு?”

“எதுக்கா? நீ எனக்குச் செஞ்சத நான் மறப்பேனா? உன் வீரனையும் சாமியார்ட்ட கூட்டிட்டுப் போயி, பலத்த எல்லாம் எடுத்து மந்திரத்துல போட்டுட்டேன். புஸ்தகத்தத் திற. பத்து நிமிஷத்துல கொம்பன் காலி!”

எல்லோரும் கைதட்டினார்கள்.

சங்கரி வீரனின் பையைத் திறந்து பார்த்தாள். கிடைத்த புத்தகங்களையெல்லாம் படிக்காமலே விற்றுத்தான் அவள் அந்தப் பெரிய வாளை வாங்கியிருந்தாள். அதைத் தூக்கக்கூடப் பலமில்லாமல் நின்றுகொண்டிருந்தான் அவளுடைய வீரன்.

“ரொம்ப... ரொம்ப நன்றிட்டி” என்று சிரித்தாள் சங்கரி.

அழுதிருப்பாள். அழுதால் ஏன் என்று கேட்பார்களே!