நீல ஸ்ப்ரூஸ்

வெர்னா ஏரியில் பாதியைத் தாண்டியபோது எதிர்க்கரை காணாமல் போனது.

பனிமூட்டம் வந்த சுவடே தெரியவில்லை. வானமும் உறைந்த ஏரியும் ஒரே வெள்ளையாகிவிட்டன. அவளுடைய சறுக்குக் கட்டைகள் உரசும் ஓசை மட்டும், யாரோ தூக்கத்தில் மூச்சுவிடுவது போலக் கேட்டது.

அவள் பயப்படவில்லை. பண்டிகை முடிந்ததும் டவுன்ஷிப்பில் வீடு தவறாமல் கிறிஸ்துமஸ் மரத்தை ஏரிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஐஸில் துளை போட்டு ஐம்பது தப்படிக்கு ஒன்றாக நட்டுவிட்டால், வடகரைக்கும் தென்கரைக்கும் அதுதான் பாதை. அதைப் பார்த்துக்கொண்டே போனால் தென்கரையில் ஐஸ்மேல் கல் தள்ளி ஆடும் கர்லிங் கொட்டகை வந்துவிடும். ஞாயிறு இரண்டு மணி ஆட்டத்தை வெர்னா தவறவிட்டதேயில்லை.

ஜரிகை ஒட்டியிருந்தது பல்க்கினன் வீட்டு மரம். உச்சி வளைந்தது தபால்காரருடையது. ஒவ்வொன்றும் வெள்ளையிலிருந்து மெல்ல எழுந்து வந்து, அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி கரைந்தது.

அடுத்தது வரவில்லை.

ஐம்பது தப்படி போனாள். அறுபது. எதுவுமில்லை.

வலப்பக்கம் எங்கேயோதான் ஆறு ஏரியில் கலக்கிறது. அங்கே ஐஸ் எப்போதும் மெலிசு. போன வார வெயிலில் இன்னும் எவ்வளவு தூரம் இளகியிருக்கிறதோ.

அப்போது இடப்பக்கம், மரமே இருக்கக் கூடாத திசையில், ஒரு மரம் எழுந்து வந்தது.

கிட்டே போனாள். நீல ஸ்ப்ரூஸ். ஜரிகை இல்லை, பச்சைப் பிசின் மணத்தது.

சுற்றுவட்டாரத்தில் நீல ஸ்ப்ரூஸ் இருப்பது ஒரே இடத்தில்தான். தென்கரையில், அக்கா ஆர்டித்தின் வீட்டு வாசலில். அம்மா சாவதற்கு முந்தின வருஷம் நட்ட பதினோரு கன்றுகள். ஆறு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு அதில் ஒன்றை வெர்னா கேட்காமல் வெட்டிக்கொண்டு போனாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. செத்தாலும் தான் முதலில் பேசப் போவதில்லை என்று ஆர்டித் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

இன்னொரு நீல மரம் வந்தது. அப்புறம் இன்னொன்று. வெர்னா கனவில் போகிறவள் போல எண்ணிக்கொண்டே போனாள்.

எட்டு. ஒன்பது. பத்து.

பத்தாவதைத் தாண்டியதும் கரை. படகுத்துறையில் ஆர்டித் நின்றிருந்தாள். புருவமெல்லாம் பனி, கையில் ரம்பம்.

ஆற்றுமுகத்தில் ஐஸ் உடைந்து பாதை மரங்கள் முழுகியதைக் காலையிலேயே பார்த்திருக்கிறாள். தங்கைக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போட்டால் முதலில் பேசினதாகிவிடுமே.

வெர்னா சறுக்குக் கட்டைகளைக் கழற்றினாள்.

"அக்கா."

"முதல்ல பேசினது நீதான்டி. ஞாபகம் வச்சுக்க" என்றாள் ஆர்டித். அவள் குரல் சரியாக இல்லை.

இருவரும் மேட்டில் ஏறினார்கள். வாசல் மொட்டையாகக் கிடந்தது. பனியில் வரிசையாகப் பத்து அடிக்கட்டைகள், வெட்டிய ஈரம் காயாமல்.

நடுவே பழையது ஒன்று, கறுத்துப்போய். அதன்மேல் ஒரு ஃபிளாஸ்க்கும் இரண்டு கோப்பைகளும் இருந்தன.