இரண்டு விரற்கடை

கியர் விழவில்லை. கரகரவென்று பல்லைக் கடித்தது.

ஃபாஜில் கிளட்சை இன்னொரு முறை மிதித்துத் தள்ளிப் பார்த்தார். அதே சத்தம்.

பட்டறை வாசலில் நின்றிருந்த அருள்செல்வி டீச்சரின் முகம் வாடியது. பட்டுப்புடவையும் கையில் பரிசுப் பையுமாக வந்திருந்தாள். பேராவூரணியில் அவள் தங்கை குழந்தைக்கு இன்று ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க வேண்டியவள் அவள்தான்.

"நேத்து நல்லா ஓடுதுன்னு போன்ல சொன்னீங்களே, பாய்."

நேற்று நன்றாகத்தான் ஓடியது. புது கிளட்ச் பிளேட் மாட்டி, வடுவூர் ஏரி வரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் போன் செய்தார். ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் அவர் திருப்பிக் கொடுத்ததில்லை. மன்னார்குடியில் அந்தப் பட்டறைக்கு இருந்த பேரே அதுதான். டீச்சருக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஷட்டரைத் தூக்கியிருந்தார்.

என்ஜினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டார். முன்னுக்கும் விழுந்தது, பின்னுக்கும் விழுந்தது. வெண்ணெய் மாதிரி.

ஸ்டார்ட் செய்தார். ஒன்றும் விழவில்லை.

அப்படியானால் கியர்பாக்ஸில் கோளாறில்லை. கிளட்ச்தான் என்ஜினை முழுசாக விடவில்லை.

பானெட்டைத் திறந்து கேபிளைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கொஞ்சம் இறுக்கினார். கரகர.

பெடலுக்கு அடியில் மேட் சுருண்டிருக்கிறதா என்று தடவினார். மேட்டையே உருவி வெளியே போட்டார். கரகர.

பிளேட்டைத் திருப்பி மாட்டிவிட்டோமோ? அப்படி மாட்டியிருந்தால் நேற்றே ஓடியிருக்காது. ராத்திரி ஷட்டர் போட்ட பிறகு வண்டியை யாரும் தொடவுமில்லை.

கழுத்தில் வேர்த்து ஊற்றியது. டீச்சர் கொஞ்சம் தள்ளிப் போய், ஃபாதரைக் காத்திருக்கச் சொல்லும்படி தங்கையிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இன்னும் ஒன்றே ஒன்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. பெடல் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கீழேயிருந்து பார்க்க வேண்டும். அதற்கு வேறொருவர் மிதிக்க வேண்டும்.

டீச்சரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். ஃபாஜில் கதவோரம் குந்தினார்.

அவள் மிதித்தாள். பெடல் தரையைத் தொட்டது.

கியரைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

விழுந்தது. சத்தமே இல்லை.

ரிவர்ஸ் போட்டாள். அதுவும் விழுந்தது. டீச்சர் சந்தோஷமாகச் சிரித்தாள். "சரியாயிடுச்சு பாய்!"

ஃபாஜில் சிரிக்கவில்லை. அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் ஏறினார். மிதித்தார். கியரைத் தள்ளினார்.

கரகர.

இந்த முறை அவர் கியரைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தார்.

பெடலுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது.

முழுக்க மிதித்துக்கொண்டிருப்பதாகத்தான் அவருக்குத் தெரிந்தது. மூச்சைப் பிடித்து இன்னும் அழுத்தினார். கால் அசையவில்லை. வேறு யாருடைய காலோ அங்கே இருப்பது போல இருந்தது.

வலது முழங்கையை இடது முழங்காலின் மேல் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினார்.

பெடல் தரையைத் தொட்டது. முழங்கையை எடுக்காமல், அந்தக் கையையே நீட்டிக் கியரைத் தள்ளினார். ஓசையில்லாமல் விழுந்தது.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிமிர்ந்தார். எதிரே வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காலையில் வாசலில் தடுக்கிவிட்டபோது, புதுச் செருப்புதான் காரணம் என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது.

"வண்டியில ஒண்ணுமில்ல, டீச்சர்" என்றார். "என்னைத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல கொண்டுபோய் விட்ருங்க."

வார்த்தைகள் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி வந்தன. டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது.

பரிசுப் பையைப் பின்சீட்டில் போட்டாள். அவரைத் தாங்கிப் பிடித்துச் சுற்றிக் கூட்டிவந்து பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டையும் அவளே மாட்டிவிட்டாள். பட்டுக்கோட்டை ரோட்டில் போக வேண்டிய வண்டியை, எடுத்த வேகத்திலேயே தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பினாள்.

போன் அடித்தது. தங்கைதான். எடுக்கவில்லை.

வடுவூர் தாண்டியதும் ஃபாஜில் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னார். அப்போதும் புரியவில்லை. வலி எங்கேயாவது இருக்கிறதோ என்று பயந்து, வேகத்தைக் குறைத்து, அவர் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் பிளேட் தேய்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் இடது காலை எடுத்துத் தரையில் வைத்தாள்.

வலது காலை இன்னும் அழுத்தினாள்.