தூங்காத வண்டி

மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி. பட்டறையின் இரண்டாம் மேடையில், எஞ்சின் அணைந்து, கதவுகள் பூட்டி நின்ற வெள்ளைக் கார் ஒன்றேகால் ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது.

தூங்கும் வண்டி அதில் ஐம்பதில் ஒரு பங்குதான் குடிக்க வேண்டும்.

அதன் பக்கத்தில் நின்றவள் அங்கே வண்டிகளின் மின்கோளாறு பார்க்கிறவள். மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கையிலிருந்து கீழே வைக்காததால் பட்டறையில் எல்லோருக்கும் மீட்டர் அக்கா. பானெட்டின் பூட்டுக் கொக்கியைத் திருப்புளியால் அழுத்திவைத்து, பானெட் மூடித்தான் இருக்கிறது என்று வண்டியை நம்பவைத்திருந்தாள். இந்தக் காலத்து வண்டிகளை முதலில் தூங்கவைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் நோய் தெரியும்.

நாற்பது நிமிடமாயிற்று. இது கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

முக்காலியில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தக் காரின் ஓட்டுநர். பதினோரு வருடமாக ஒரே முதலாளி, ஒரு பல் டாக்டர்.

ஜனவரியிலிருந்து திங்கட்கிழமைதோறும் வண்டி செத்துக் கிடந்தது. மற்ற நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. போன வாரம் வேறொரு பட்டறையில் இரண்டு நாள் நிறுத்திவைத்துப் பார்த்து, வண்டியில் குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வண்டியில் குறையில்லை என்றால் யாரிடம் குறை என்பதில் டாக்டருக்குச் சந்தேகமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இந்த ஆள் எதையோ அணைக்காமல் போகிறான். இன்று பன்னிரண்டு மணிக்குள் காரணம் அகப்படாவிட்டால், திங்களிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.

அக்கா ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பதினான்காவதைப் பிடுங்கியதும் மீட்டரில் எண் சரிந்து விழுந்தது. சாவியைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே கதவு திறந்து, பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்புகிறதே, அந்த வசதிக்கான கருவியின் ஃபியூஸ் அது.

வேறு யாராக இருந்தாலும் கருவி போச்சு, புதுசு போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போயிருப்பார்கள். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கருவி கெட்டிருந்தால் செவ்வாய்க்கிழமையும் அல்லவா வண்டி படுத்திருக்க வேண்டும்?

ஃபியூஸை மறுபடி மாட்டினாள். எண் ஏறி, ஒன்றேகாலில் நின்றது.

பதினொன்றரைக்கு டாக்டர் வந்தார். ஓட்டுநர் சட்டென்று முக்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"சொத்தையே இல்லாத பல்லுல எவ்வளவு நேரம்மா குடைவே? சொத்தை இதோ பக்கத்துல நிக்குது."

அக்கா கையைக் கழுவப் பட்டறையின் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனாள். கோபத்தில் தேவைக்கு மேலேயே தேய்த்துக் கழுவினாள்.

"இறங்கிடுச்சும்மா," என்றார் ஓட்டுநர், அங்கிருந்தே.

ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவள் மேடையை நெருங்கியதும், "ஏறிடுச்சு" என்றார், ஏதோ தாமே செய்த தப்பு போல.

திரும்பக் குழாயடிக்குப் போய் நின்றாள். சற்று நேரத்தில் இறங்கியது. வந்தாள். ஏறியது. முதலாளியைக் கண்டால் எழுந்து நிற்கிற ஆள் மாதிரி.

மூன்றாம் முறை பாதி வழியில் நின்று, தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

வண்டியின் சாவி. சோதனை நடக்கும்போது எவனாவது வண்டியை நகர்த்தித் தொலைப்பான் என்று, பட்டறையில் ஒருவரையும் நம்பாமல், சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அவள் வழக்கம். சாவி பக்கத்தில் இருக்கும்வரை, ஆள் வந்தாயிற்று, இதோ கதவைத் திறக்கப் போகிறார் என்று வண்டி காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த இன்னொரு பட்டறையில் சாவி மாடி அலுவலகத்தில் தொங்கியிருக்கும். வண்டி நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

பக்கத்து மேடைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

சாவியை ஓட்டுநரின் கையில் கொடுத்து, தெருமுனைவரை காலாற நடந்துவிட்டு வரச் சொன்னாள். காலியான முக்காலியில், மீட்டருக்கு நேர் எதிரே, டாக்டரை உட்காரவைத்தாள்.

ஓட்டுநர் போனார். எண் இறங்கி, பூச்சியத்துக்குப் பக்கத்தில் போய் அடங்கியது. வந்தார். ஒன்றேகால். யாரும் சொல்லாமலே இன்னொரு முறையும் போய் வந்தார், இந்தத் தடவை கையை வீசிக்கொண்டு, சாவகாசமாக.

பன்னிரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"ராத்திரியில சாவி எங்கண்ணே இருக்கும்?" என்று கேட்டாள் அக்கா.

வார நாட்களில் ஓட்டுநரின் வீட்டில்தான். டாக்டர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சனி, ஞாயிறு என்று அவள் இழுத்ததும் ஓட்டுநர் தரையைப் பார்த்தார். இத்தனை நேரம் அதை மட்டும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

டாக்டர்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, வண்டி எட்டுக் கிலோமீட்டர் கூடுதலாக ஓடியதாகக் காட்டியது. டயருக்குக் காற்றடிக்கப் போனேன் என்று ஓட்டுநர் சொன்னதை அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் சாவியைக் கேட்டு வாங்கி, தன் கட்டிலின் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறார்.

தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கார் ஷெட்.

கடைசி வார்த்தையை அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

அக்கா ரசீதில் எழுதினாள்: வண்டியில் பழுது இல்லை. ஓட்டுநரிடமும் இல்லை. சாவி வண்டியிலிருந்து பத்தடி தள்ளி இருக்கட்டும்.

டாக்டர் அதைப் படித்து, மடித்துப் பையில் வைத்தார். முக்காலியிலிருந்து எழுந்தார். ஓட்டுநர் வழக்கப்படி நீட்டிய சாவியை அவர் வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு வண்டி முதல் அழுத்தலிலேயே கிளம்பியது.